தீயில் வாட்டிய கம்பு

இன்னைக்கு ஒரு கம்பு ஒடிஞ்ச கதை. ஒடிஞ்சதுக்குக் காரணம் நான்தான்.

விருதுநகர் பக்கம் சூலக்கரையில சிலம்பம் கத்துக்கிட்டிருந்தேன். புதுசா வாங்கின மூங்கில் கம்பு நடுவுல லேசா கோணல். ஆசான் கோணல் எடுக்கிறதை நாலஞ்சு தடவை பார்த்திருக்கேன். தணலுக்கு மேல கம்பை உருட்டிக்கிட்டே வாட்டுவார். மேல்தோல்ல எண்ணெய் மாதிரி வேர்க்கும். அதைத் துணியால துடைச்சிட்டு, முழங்கால்ல வெச்சு மெதுவா அமுக்குவார். ஆறுற வரைக்கும் பிடியை விடமாட்டார்.

எனக்குத் தணல் விழுற வரைக்கும் பொறுமை இல்லை. கொழுந்துவிட்டு எரியுற தீயிலயே காட்டினேன். கம்பு அருமையா நிமிர்ந்துச்சு, காபி நிறம் வேற! ரெண்டு நாள் கழிச்சு ஜோடி ஆடும்போது டப்புனு ஒடிஞ்சு, சிதறின துண்டு எதிர்ல நின்ன பையனோட புருவத்தைக் கிழிச்சிடுச்சு. கொஞ்சம் கீழே பட்டிருந்தா கண்ணு.

அப்புறம்தான் படிச்சுப் பார்த்தேன். மூங்கிலுக்குள்ள செல்லுலோஸ் நார்கள் இருக்கு. அதைச் சேர்த்துப் பிடிக்கிற பசை லிக்னின். ஈரம் இருக்கிற மூங்கில்ல சுமார் 100 டிகிரி செல்சியஸ்ல லிக்னின் இளகும். அப்போ வளைச்சா வளையும், ஆறினதும் அந்த வடிவத்திலேயே இறுகிடும். ஆசான் செய்றது இதுதான். 150ஐத் தாண்டி 200ஐ நெருங்கினா கதையே வேற. தண்ணியை இழுத்து வெச்சுக்கிற ஹெமிசெல்லுலோஸ் சிதைய ஆரம்பிக்கும். அதுல நன்மையும் உண்டு. ஈரம் அவ்வளவா ஏறாது, உப்பாது, பூச்சி அரிக்கிறதும் குறையும். தரைப்பலகை செய்றவங்க வேணும்னே இப்படிச் சூடேத்துறாங்க. ஆனா அடி தாங்குற தன்மை போயிடும். தரைப்பலகையை யாரும் சுழத்தி அடிக்கிறதில்லையே!

நம்ம சிவகாசி ராக்கெட்டுக்கும் மூங்கில் குச்சிதான். குச்சி கோணினா ராக்கெட் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். ஆனா மருந்து இருக்கிற இடத்துல தீ மூட்ட முடியுமா? வெயில்ல காய வெச்சா? வெயில் ஈரத்தை எடுக்கும், அவ்வளவுதான். லிக்னின் இளகுற சூடு அதுல கிடைக்காது.

இன்னொன்னு. கணுவுக்குக் கணு மூடியிருக்கிற பொள்ளல் மூங்கிலைத் தீயில போட்டா, உள்ளே இருக்கிற காத்தும் நீராவியும் விரிஞ்சு வெடிக்கும். பட்டாசுக்குச் சீன மொழியில இருக்கிற 'பாவோஜு'ங்கிற சொல்லுக்கு அர்த்தமே 'வெடிக்கும் மூங்கில்'. வெடிமருந்துக்கு முன்னாடியே அங்கே மூங்கிலைத் தீயில போட்டு வெடிக்க வெச்சிருக்காங்க. சும்மா வாட்டிப் பார்ப்போம்னு கிளம்புறவங்க இதை மறந்துடாதீங்க.

ஆசான் என்னைத் திட்டலை. அடுத்த வாரம் இன்னொரு கோணல் கம்பைக் குடுத்து, தணல் விழுற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். வாட்டி நிமிர்த்தி, ஆற வெச்சுக் குடுத்தேன். வாங்கி, புருவத்துல தையல் போட்டிருந்த அந்தப் பையன் கையில குடுத்துட்டு, என்னை எதிர்ல நிக்கச் சொன்னார்.