அறுபது பேருக்கு மறைத்த ஸ்டேட்டஸ்

(ராயபுரம் கூட்டத்தில் பேசியது)



அம்பேத்கர் அமெரிக்காவில் படித்துத் திரும்பியபின் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் தொடங்கினார். நடத்துபவர் தீண்டப்படாதவர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். மூடவேண்டியதாயிற்று.

இங்கே தொழில் உறவு என்பது பெரும்பாலும் சாதி உறவுதான். கடனுக்கு மாமா, சரக்குக்குச் சித்தப்பா, கடை பிடித்துத்தரச் சங்கம். நமக்கு அது இல்லை. அதனால்தான் வாட்ஸ்அப் நமக்குப் பெரிய விஷயம்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஞாயிறுதோறும் வீட்டில் பீஃப் பிரியாணி போடுகிறார். சனிக்கிழமை ஸ்டேட்டஸ் வைப்பார். இரவுக்குள் எத்தனை கிலோ அரிசி என்று தெரிந்துவிடும். ஜிபேயில் வரும் முன்பணத்தில்தான் கறி வாங்குகிறார். வட்டிக்காரரிடம் போவதில்லை.

ஆனால் அந்த ஸ்டேட்டஸை அறுபது பேருக்கு மறைத்திருக்கிறார். மகளின் பள்ளி குரூப் அம்மாக்கள், பழைய கம்பெனிக்காரர்கள். அவர் தைக்கும் பிளவுஸ் படம் மட்டும் அவர்களுக்குத் தெரியும். "பீஃபுன்னு பார்த்தா பிளவுஸும் தைக்கத் தரமாட்டாங்க தம்பி" என்றார்.

வீண் பயமில்லை. 2022 ஜூலையில் ட்விட்டரில் ஒருவர் மாட்டுக்கறிப் படம் போட, தேவையற்ற பதிவு என்று சென்னைக் காவல்துறையின் கணக்கே பதில் போட்டது. கண்டனம் வந்தபின் நீக்கினார்கள். அடுத்த மாதம் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும், கேள்வி கேட்டபிறகே பீஃப் பிரியாணிக் கடை வந்தது.

அக்காவின் எண்ணை ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். அது அவர் முடிவு. வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதை உங்கள் ஸ்டேட்டஸில், பீஃப் என்ற சொல்லோடு, யாருக்கும் மறைக்காமல் போடுங்கள். உங்கள் ஆபீஸ் மேனேஜருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எண் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.