மேனேஜர் ஏன் சாப்பிடல? – ஏற்காட்டுல ஒரு அரோவானாவுக்கு பெல்லட் பழக்கின கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

பின்னாடி சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது டேங்க் ஃபில்டர். ஏற்காட்டுல எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்துதான் இதை ரெக்கார்ட் பண்றேன். வெளியில பனி, உள்ள மூணு பேர், ஒரு மீன்.

இன்னைக்கு எபிசோட் அந்த மீனைப் பத்திதான். 17 நாள் அது ஒரு வாய் கூட சாப்பிடல. அந்த 17 நாள்ல நான் பண்ணின தப்பு என்ன, அதை யார் கண்டுபிடிச்சாங்க, கடைசியில பெல்லட் எப்படிப் பழக்கினேன்னு வரிசையா சொல்றேன். அரோவானா வளர்க்காதவங்களும் கேளுங்க. கதை மீனைப் பத்தி மட்டும் இல்ல.

ஹீரோ அறிமுகம்

மீன் பேர் மேனேஜர். சில்வர் அரோவானா. நாள் முழுக்க டேங்க்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரவுண்ட்ஸ் போவாரு, வேலை எதுவும் பண்ண மாட்டாரு. அதனால அந்தப் பேர். சென்னை கொளத்தூர்ல மூணு இஞ்ச் குட்டியா வாங்கினேன். ஒரு வருஷத்துல 14 இஞ்ச்.

கடைக்காரர் அம்மாகிட்ட போன்லயே "வாஸ்து மீனுங்கம்மா, வீட்டுக்கு வர்ற கண்டத்தை அது வாங்கிக்கும்"னு சொல்லிட்டாரு. இந்த டயலாக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

போன அக்டோபர்ல அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். நான் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டு ஊருக்கே வந்துட்டேன். மேனேஜரை சென்னையில யார்கிட்ட விட? ரெண்டு நாள் சாப்பாடு நிறுத்தி, ஆக்சிஜன் அடிச்ச பெரிய பையில போட்டு, தெர்மாகோல் பெட்டியில வச்சு கார்ல கொண்டு வந்தேன். சேலத்துல இருந்து மேல வர 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் அம்மா அப்பாவைப் பார்த்தாங்க, நான் பெட்டியைப் பார்த்தேன்.

இதுக்கு ஏன் உயிரோட இருக்கறதுதான் வேணும்?

சில்வர் அரோவானாவோட சொந்த ஊர் அமேசான். மழைக்காலத்துல ஆறு காட்டுக்குள்ள ஏறிடும், மரமெல்லாம் தண்ணியில நிக்கும். இந்த மீன் மேல்மட்டத்துல நீந்திக்கிட்டே, கிளையில உட்கார்ந்திருக்கற பூச்சியை எகிறிப் பிடிக்கும். பிரேசில்ல இதுக்கு 'தண்ணிக் குரங்கு'ன்னே பேர். வாய் மேல் பார்த்து இருக்கும், கண்ணும் மேலதான். நாக்குலயே எலும்பும் பல்லும் உண்டு, இந்த மீன் குடும்பத்துக்கு 'எலும்பு நாக்கு'ன்னு பேர் வந்ததே அதனாலதான்.

அதாவது அசையறதுதான் சாப்பாடுன்னு இதோட மூளையில எழுதியிருக்கு. பெல்லட் அசையாது. மேனேஜர் கணக்குல அது குப்பை.

ஒரு சின்ன சட்ட விஷயம். 'சூப்பர் ரெட்', 'கோல்டன்'னு லட்சத்துல விக்கறாங்களே, அது ஆசிய அரோவானா, வேற இனம். அழியற நிலையில இருக்கறதால சைட்டிஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. நம்ம நாட்டுல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தை 2022ல திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறை. அதன்படி இந்த மாதிரி உயிரினம் வச்சிருந்தா அரசுகிட்ட பதிவு பண்ணணும். பேப்பர் இல்லாம யாராவது வித்தா வாங்காதீங்க.

பெல்லட் எதுக்கு?

சென்னையில குட்டி மீன், சில்வண்டு எல்லாம் கடையில கிடைச்சது. ஏற்காட்டுல எனக்கு அது கிடைக்கல. ஒவ்வொரு வாரமும் சேலம் இறங்கணும். போக வர 60 கிலோமீட்டர், 40 வளைவு.

ரெண்டாவது காரணம் ஆரோக்கியம். தீனிக்குன்னு விக்கற மீன் நெருக்கியடிச்ச தொட்டியில இருந்து வரும். நோயும் ஒட்டுண்ணியும் கூடவே வரும். அதுலயும் கோல்ட் ஃபிஷ், கெண்டை வகையில தயாமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும். அதையே மாசக்கணக்கா போட்டா மீனுக்கு நரம்புப் பிரச்சனை வரும். நல்ல பெல்லட்ல புரதமும் வைட்டமினும் அளவா இருக்கும். ஸ்டாக்கும் வச்சுக்கலாம்.

பட்டினிப் போராட்டம்

வீடியோ பார்த்தேன், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "பட்டினி போடு ப்ரோ, பசிச்சா தானா திங்கும்." வளர்ந்த அரோவானா ரெண்டு வாரம் கூட தாங்கும்னாங்க. அது உண்மைதான். குட்டிக்கு மட்டும் இதைச் செய்யவே கூடாது.

ஸ்பிரெட்ஷீட் போட்டேன். தேதி, போட்ட பெல்லட், சாப்பிட்ட பெல்லட். தினமும் காலையில அஞ்சு பெல்லட் மிதக்க விடுவேன், பத்து நிமிஷத்துல வலை போட்டு எடுத்துடுவேன். சாப்பிட்ட பெல்லட் காலம் வரிசையா சைபர்.

அதே நேரம் டைனிங் டேபிள்ல இன்னொரு போராட்டம். அப்பாவுக்கு உப்பு கம்மி, எண்ணெய் கம்மி, காலையில ஓட்ஸ் கஞ்சி. நாப்பது வருஷமா தோசைக்கு மிளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தொட்டு சாப்பிட்ட மனுஷன். தட்டைத் தள்ளி வச்சிட்டு டேங்கைப் பார்ப்பாரு. "மேனேஜரும் நானும் ஒரே பேட்ச்"ம்பாரு.

பத்தாவது நாள் அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுப் பாடம் எடுக்கறியே, ஆகுமாடா கண்ணு?"

"அம்மா, இது ட்ரெயினிங். நடுவுல நீ எதாவது போட்டீன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

அம்மா பதில் சொல்லல. அவங்க மனசுல ஓடுனது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. கண்டத்தை வாங்கிக்கற மீன் சோறு தண்ணி இல்லாம கிடக்கு, வீட்டுல ஒருத்தர் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்காரு. அவங்களுக்கு அது ஸ்பிரெட்ஷீட் இல்ல.

டேங்க் அடியில ஒரு க்ளூ

17ஆவது நாள் காலையில டேங்க் அடியில வெள்ளையா என்னமோ கிடந்துச்சு. உரிச்ச இறால். மூணு துண்டு.

எனக்கு சரியான கோவம். "அம்மா! எத்தனை நாளா இது நடக்குது?"

"நாலு நாளா. நீ தூங்கினப்புறம் போடுவேன், விடிகாலையில எடுத்துடுவேன். இன்னைக்குக் கண் அசந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்திட்டு சொன்னாங்க: "அது இறாலையும் திங்கலடா."

மக்களே, நான் ஆறு வருஷமா பக் ஃபிக்ஸ் பண்ணி சம்பளம் வாங்கறவன். அந்த ஒரு வரி போதும். பெல்லட் பிடிக்கலன்னா இறாலைத் தின்னிருக்கணும். சென்னையில இறால் மேனேஜரோட ஃபேவரிட். அதையும் தொடலன்னா பிரச்சனை சாப்பாட்டுல இல்ல. நான் அடம்னு நினைச்சது அடமே இல்ல. இத்தனை நாளா தப்பான இடத்துல டீபக் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

தண்ணிக்குள்ள கை விட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. தெர்மாமீட்டர் போட்டேன். 21 டிகிரி. இந்த மீனுக்கு 26ல இருந்து 30 வரைக்கும் வேணும்.

ஹீட்டர் சென்னையில இருந்து வந்த 100 வாட். லைட் எரிஞ்சுது, அதனால வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன். ஏற்காடு 1500 மீட்டர் உயரம். டிசம்பர் ராத்திரியில எங்க ஹாலே 14 டிகிரிக்கு வந்துடும். டேங்க் நாலடி, கிட்டத்தட்ட 250 லிட்டர். 100 வாட்டால அறையை விட ஏழெட்டு டிகிரி ஏத்தறதே பெருசு. சென்னையில அந்த ஹீட்டர் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டு இருந்தது இப்பதான் தெரிஞ்சது.

மீனுக்கு நம்ம மாதிரி உடம்புச் சூடு கிடையாது. தண்ணி எவ்வளவோ, உடம்பும் அவ்வளவு. 10 டிகிரி குறைஞ்சா உடம்புக்குள்ள நடக்கற வேலையெல்லாம் பாதியாவோ, மூணுல ஒரு பங்காவோ குறையும். செரிக்காது, அதனால பசிக்காது. பசியே இல்லாத உயிரை நான் பட்டினி போட்டுப் பழக்கப் பார்த்திருக்கேன். அம்மா அந்த இறாலைப் போடலன்னா இன்னும் ஒரு வாரம் அதே ஸ்பிரெட்ஷீட்டை நிரப்பியிருப்பேன். அதுக்கப்புறம் மேனேஜர் இருந்திருப்பாரான்னு தெரியாது.

அம்மாகிட்ட சாரி கேட்டேன். "ம்ம், காபி ஆறுது குடி"ன்னாங்க. அவ்வளவுதான்.

"ஏரியில விட்றலாமே?"

அன்னைக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா அப்பாவைப் பார்க்க வந்தாரு. "எதுக்குப்பா கஷ்டம், ஏரியில விட்றலாமே, புண்ணியமாப் போகும்." அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க.

விடக்கூடாது, மாமா. ஒண்ணு, இந்தக் குளிர்ல அது செத்துடும். ரெண்டு, பிழைச்சா இன்னும் மோசம், ஏரியில இருக்கற சின்ன மீன், தவளை எல்லாம் காலி. இப்படித்தான் டேங்க் கிளீனர் மீனை யாரோ பாவம் பார்த்து விட்டு, இன்னைக்கு சென்னை ஏரிகள்ல அது பெருகிக் கிடக்கு. 1952ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த ஜிலேபி கெண்டை இப்ப இல்லாத குளம் எது? வளர்க்க முடியலன்னா கடையில திருப்பிக் கொடுங்க, வளர்க்கறவங்ககிட்ட கொடுங்க. தண்ணியில மட்டும் விடாதீங்க.

சூடு ஏறினப்புறம்

300 வாட் ஹீட்டர் வாங்கினேன். டேங்குக்குப் பின்னாடியும் ரெண்டு பக்கமும் தெர்மாகோல் ஒட்டினேன். மூடியில இடுக்கு இல்லாம பார்த்தேன். அரோவானா எகிறும், அதனால மூடி எப்பவும் கனமா இருக்கணும். கரண்ட் போனா என்ன ஆகும்னு கணக்கும் போட்டேன். இவ்வளவு தண்ணிக்கு மணிக்கு அரை டிகிரி அளவுதான் இறங்கும். நாலு மணி நேரம் தாங்கும், மேல கம்பளி போர்த்தினா இன்னும் நல்லது.

ஒரே நாள்ல 28க்கு ஏத்தல. நாளைக்கு ரெண்டு டிகிரி. மூணாம் நாள் 27. நாலாம் நாள் காலையில அம்மாவே ஒரு இறால் துண்டைப் போட்டாங்க. டப்புன்னு ஒரு சத்தம். இறால் காணோம். அப்பா ரூம்ல இருந்து கத்தினாரு, "என்னடா, தின்னுட்டானா?"

அதுக்கப்புறம் பண்ணினது இதுதான்.

முதல் வாரம்: உரிச்ச பச்சை இறால் மட்டும், சின்னத் துண்டா. அசையாததும் சாப்பாடுதான்னு புரிய வைக்க. தினமும் ஒரே நேரம், ஒரே மூலை. போடறதுக்கு முன்னாடி மூடியில ரெண்டு தட்டு.

ரெண்டாவது வாரம்: இறால் துண்டைக் கீறி உள்ள ஒரு பெல்லட்டை ஒளிச்சு வச்சேன். நாள் போகப் போக இறால் சின்னதாச்சு, பெல்லட் கூடுச்சு. முதல் ரெண்டு நாள் மென்னுட்டு பெல்லட்டை மட்டும் துப்பினாரு. துப்பினதை உடனே எடுத்துடணும், இல்லன்னா அழுகி தண்ணியில அம்மோனியா ஏறும்.

மூணாவது வாரம்: மிதக்கற பெல்லட்டை இறால் கழுவின தண்ணியில அஞ்சு நிமிஷம் ஊற வச்சு, பசியா இருக்கற காலையில ஒவ்வொண்ணா போட்டேன். இறால் சாயங்காலம் கொஞ்சம், பரிசா. நடுவுல ஒரே ஒரு நாள்தான் பட்டினி. 19ஆவது நாள் காய்ஞ்ச பெல்லட்டை அப்படியே முழுங்கினாரு.

பெல்லட் திங்கற மீனைக் கூட விட்டா போட்டி போட்டு சீக்கிரம் கத்துக்கும்னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா என் டேங்க் சின்னது, அதனால நான் செய்யல. இப்பவே மேனேஜருக்கு இடம் பத்தல. இது 90 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ற மீன். ஆறடிக்கு மேல டேங்க் வைக்க இடமும் காசும் இருந்தா மட்டும் வாங்குங்க. வாங்கும்போது நான் இதை யோசிக்கல, இப்ப அதுக்குத்தான் சேர்த்துட்டு இருக்கேன்.

கடைசியா

அம்மா இதையெல்லாம் பார்த்துட்டே இருந்தாங்க போல. ஒரு நாள் காலையில அப்பா தட்டுல ஓட்ஸ் இல்ல. தோசை இருந்துச்சு. "மாவுல கால்வாசி ஓட்ஸ் அரைச்சுக் கலந்திருக்கேன், உங்கப்பாகிட்ட சொல்லிடாத"ன்னாங்க. அடுத்த வாரம் பாதி. மிளகாப்பொடியில உப்பே இல்ல, எண்ணெய் ரெண்டு சொட்டு. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் செஞ்சாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு, டேங்கைப் பார்த்து, "நமக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க பாரு, மேனேஜர்"ன்னாரு.

ஒருத்தர் சாப்பிடலன்னா முதல்ல ஏன்னு பாருங்க. அடம்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி தண்ணியில கையை விட்டுப் பாருங்க. நான் இந்த வருஷம் கத்துக்கிட்டது அவ்வளவுதான்.

உங்க வீட்டு மீன், நாய், பூனை, அப்பா, யாருக்காவது சாப்பாடு மாத்தின கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். அம்மா மூடியைத் தட்டறாங்க, மேனேஜருக்கு டைம் ஆச்சு. எனக்கும் தோசை வந்துருச்சு. பார்க்கலாம் மக்களே.