சிறு நாயும் பெருநோயும்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்னும் வழக்கு நாயினங்களுள் யோர்க்சயர் டெரியருக்கு மிகவும் பொருந்தும். நிறை 7 இறாத்தலுக்கு மேற்படலாகாது என்பது பிரித்தானிய நாய்வளர்ப்போர் சங்கம் விதித்த அளவு. பட்டுப்போல நிலத்தைத் தொடும் மயிர். உருக்கு நீலமும் பொன்மையும் கலந்த நிறம். வாசலில் அந்நியர் காலடி கேட்டால் பத்து மடங்கு பருமனுள்ள நாயைப்போலக் குரைத்தெழும் துணிவு. வளவில்லாத வீட்டிலும் மாடிக் குடியிருப்பிலும் வைத்து வளர்க்கலாம் என்பதனால் இதனைத் தேடுவோர் பலர். இவ்வினம் 12 முதல் 15 ஆண்டுகள்வரை வாழத்தக்கது. அத்தனை காலத்துக்கு ஓர் உயிரின் பொறுப்பை ஏற்பவர், அதன் உடல் எவ்விடங்களில் பழுதுபடக்கூடியது என்பதை, பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நாய் தொடக்கத்திலே மடியில் வளர்ந்த நாயன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழில் நாடி ஸ்கொத்லாந்திலிருந்து வட இங்கிலாந்தின் நெசவாலைப் பிரதேசங்களுக்கு வந்த தொழிலாளர்கள் தம்முடன் சிறு டெரியர் நாய்களையும் கொண்டுவந்தனர். ஆலைகளில் எலி பிடிப்பது அவற்றின் வேலை. அவை அங்கிருந்த நாய்களுடன் கலந்து இவ்வினம் உருவாயிற்று. 1865இல் பிறந்து 1871இல் வண்டியில் அடிபட்டு இறந்த ‘ஹடர்ஸ்பீல்ட் பென்’ என்னும் நாயை இவ்வினத்தின் தந்தை என்பர். அது இன்றைய யோர்க்சயர் டெரியரைவிடப் பருமனானது. பின்னர் ஆலையைவிட்டுச் சீமாட்டிகளின் மடிக்கு ஏறியபோது, சிறிய ஆணையும் சிறிய பெண்ணையும் தெரிந்தெடுத்துச் சேர்த்துச் சேர்த்து அதன் உருவத்தைச் சுருக்கினர். உருவம் சுருங்கிற்று, ஆயின் உறுப்புகள் யாவும் ஒரே ஒழுங்கிற் சுருங்கவில்லை. நெருங்கிய உறவுக்குள் நடந்த சேர்க்கையினால், மறைந்துகிடந்த குறைகளும் கூடவே தெரிவாயின.

பல்லை எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஓநாய் நாய்க்கு 42 நிலையான பற்கள். உள்ளங்கையளவு முகமுள்ள இந்நாய்க்கும் அதே 42. இடநெருக்கடியிற் பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முளைக்கின்றன. பாற்பற்கள் விழ மறுத்துப் புதுப்பற்களின் அருகே நின்றுவிடுவதும் உண்டு. இடுக்குகளில் உணவு தங்கி முரசு அழுகிப் பற்கள் இளம் வயதிலேயே ஆட்டங்காணும். நாள்தோறும் பல் துலக்கிவிட மனமில்லாதவர் இவ்வினத்தை நாடாதிருப்பது நல்லது.

அடுத்தது மூச்சுக்குழாய். அதனைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் இந்நாய்களிற் பலவற்றில் வலுவிழந்து தட்டையாகின்றன. உற்சாகங்கொண்டு துள்ளும்போதும், கழுத்துப் பட்டியை இழுக்கும்போதும் வாத்துக் கத்துவது போன்ற வறட்டு இருமல் எழும். கொழுத்த நாய்க்கு இது மிகும். வெக்கையும் ஈரலிப்பும் உள்ள கொழும்பு போன்ற இடங்களில் இன்னும் மிகும். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டி, அளவான தீனி, தேவையாயின் மருந்து ஆகியவற்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

பின்னங்கால்களில் இரு குறைகள் உள. முழங்காற் சில்லு தன் பள்ளத்தைவிட்டு உட்புறமாக நழுவும். நடந்து செல்லும் நாய் திடீரென ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சில அடி நொண்டி, பின்பு ஒன்றும் நடவாததுபோல ஓடும். காண்போர் விளையாட்டென்று சிரிப்பர், அது விளையாட்டன்று. இலேசாயின் நிறையைக் கட்டுப்படுத்திக் கவனித்துவரலாம். கடுமையாயின் சத்திரசிகிச்சை வேண்டும். மற்றையது, தொடையெலும்பின் தலைப்பாகத்துக்குக் குருதி செல்வது குறைந்து அவ்வெலும்பு சிதையும் நோய். இது முதல் வயது நிரம்புமுன்னரே நோவோடுகூடிய நொண்டலாய்த் தோன்றும்.

இவை யாவும் கண்ணுக்கோ செவிக்கோ புலப்படுபவை. புலப்படாது உள்ளே கிடப்பது ஈரற்குறை. வாங்குபவர் மிகவும் அஞ்சவேண்டியதும் அதுவே. உண்ட உணவின் சாரம் குடலிலிருந்து குருதி வழியே முதலில் ஈரலுக்குச் சென்று, அங்கே நச்சுப்பொருள் நீக்கப்பட்ட பின்னரே உடலெங்கும் பரவுவது இயற்கை. சில குட்டிகள் பிறவியிலேயே ஈரலைச் சுற்றிப் போகும் ஒரு தப்பான குருதி நாளத்துடன் பிறக்கின்றன. குருதி அந்தக் குறுக்குவழியால் ஓடிவிடுகிறது. நஞ்சு நீங்காத குருதி மூளையை அடைகிறது. இறைச்சி உண்ட சிறிது நேரத்தில் குட்டி சோர்ந்து தள்ளாடும், காரணமின்றி வட்டமிடும், சுவரிலே தலையை அழுத்தி நிற்கும், வலிப்பும் வரலாம். வேண்டிய குருதி கிடையாமையால் ஈரலும் வளராது; உடலும் வளராது. யோர்க்சயர் டெரியர் இக்குறைக்கு மிகவும் ஆளாகும் இனங்களுள் ஒன்று.

‘தேநீர்க் கோப்பை நாய்’ என்னும் கவர்ச்சிப் பெயரை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு வகையை நாய்வளர்ப்போர் சங்கம் ஏற்றுக்கொண்டதில்லை. அது வணிகர் சூட்டிய பெயர். ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளுள் மிகச் சிறியதைத் தனியே எடுத்து, அரியதென்று சொல்லி, விலையைக் கூட்டி விற்கின்றனர். அக்குட்டி சிறுத்திருப்பது ஈரற்குறையினாலாகவும் இருக்கலாம். அழகென்று எண்ணி அதிக விலை கொடுத்து நோயை வாங்கிச் செல்கிறவர்கள் உளர். இதனைவிடக் கொடிய வணிகம் நாயுலகில் இல்லை எனலாம்.

இக்குறையைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. வெறுவயிற்றில் ஒருமுறையும் உணவுண்ட 2 மணி நேரத்தின் பின் மறுமுறையும் குருதியெடுத்து, அதிலுள்ள பித்த அமிலத்தின் அளவைப் பார்ப்பர். அளவு மிகுந்திருப்பின் கதிர்ப்படங்களின் உதவியால் தப்பான நாளத்தைத் தேடி, சத்திரசிகிச்சையால் படிப்படியாக அடைக்கலாம். பல நாய்கள் நன்கு தேறுகின்றன, செலவோ பெரிது. கருத்தடைச் சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்குமுன் இச்சோதனையைச் செய்விப்பது விவேகம். நலிந்த ஈரல் அம்மருந்தை எளிதில் அகற்றமாட்டாது.

மிகச் சிறிய குட்டிகளுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. உடலிற் சேமிப்பு இல்லாமையால் ஒருவேளை உணவு தவறினாலும், குளிரினாலோ பயணத்தாலோ களைத்தாலும், குருதியிலுள்ள சீனி சடுதியாகக் குறைந்து குட்டி துவண்டுவிடும். முரசிலே சிறிது தேனையோ சீனிப்பாகையோ தடவிக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் விரைய வேண்டும். நாளொன்றுக்கு 4 வேளை சிறிது சிறிதாக உணவூட்டுதல் இதனைப் பெரும்பாலும் தடுக்கும். பகல் முழுதும் ஆளில்லாத வீட்டுக்கு இக்குட்டி ஏற்றதன்று.

ஆகவே விலை கேட்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. தாய் நாய் எங்கே, அதன் நிறை என்ன, அதன் முழங்கால்களை வைத்தியர் பார்த்தாரா, முந்திய ஈற்றுக் குட்டிகளுள் வலிப்புக் கண்டதோ சிறுத்து இறந்ததோ உண்டா, பித்த அமிலச் சோதனைத் தாள் உண்டா என்பனவே அவை. தாய்தந்தையர் நலமாயிருந்தும் குட்டிக்கு ஈரற்குறை வரலாமாதலால், கூடப்பிறந்த குட்டிகளைப் பற்றிக் கேட்பது மிகையன்று. குட்டியைத் தாயுடன் சேர்த்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்கலாகாது. இங்கிலாந்தில் 2020 ஏப்பிரல் முதல், 6 மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் வணிகமாக விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. உரிமம் பெற்று வளர்ப்பவர் பிறந்த இடத்திலேயே தாயுடன் காட்டி விற்றல் வேண்டும். அத்தகைய சட்டமில்லாத இடங்களில் வாங்குபவரே அந்தக் கண்டிப்பைக் கைக்கொள்ளலாம்.

குட்டிதான் வேண்டுமென்ற பிடிவாதம் இல்லாதவருக்கு வேறொரு வழியும் உண்டு. 3 வயது கடந்த நாயில் தொடையெலும்பு நோய் வருவதாயின் முன்னரே வந்திருக்கும். முழங்காலின் நிலை நடையிலே தெரியும். ஈரற்குறையும் பெரும்பாலும் அதற்குள் தன்னைக் காட்டியிருக்கும். அதன்பின் வைத்தியரிடம் காட்டிக் கவனிக்க வேண்டியவற்றுள் முக்கியமானவை பல்லும் இருமலுமே.