இரண்டு லைன் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

(பொதுக்குழுவுக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் பேசியது)



பொதுக்குழுவில் ஓட்டுக்கு வரப்போகும் கொட்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இண்டர்நெட் லைன், இரண்டையும் ஏற்கும் ஒரு ரவுட்டர், அதற்குக் கீழே பிளாக்குகளுக்கு ஒரு லேயர்-3 சுவிட்ச். ஓரத்தில் ‘லோட் பாலன்ஸிங், வேகம் இரட்டிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தச் செலவு தேவை என்பதுதான் என் கட்சி. ஆனால் ‘இரட்டிப்பு’ என்பதை நம்பி ஓட்டுப் போடாதீர்கள்.

பேங்கில் இரண்டு கேஷ் கவுண்டர் திறந்தால் வரிசை சீக்கிரம் நகரும். அதற்காக ஒருவருடைய பணக்கட்டைப் பாதி இங்கே, பாதி அங்கே கொடுத்து எண்ண மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். நீங்கள் டவுன்லோடு செய்யும் ஒரு படம் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளாக வருகிறது. அவற்றை மாற்றி மாற்றி இரண்டு லைனில் விட்டால் பின்னது முன்னால் வந்து சேரும். நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பச் சொல்வார்கள், வேகம் குறையும். அதனால் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, போர்ட் எண் ஆகியவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டு, ஒரு உரையாடல் முழுவதையும் ஒரே லைனில் விடுகிறார்கள். ஆக, நூறு வீட்டுக்கு நெரிசல் குறையும். தனி ஒரு டவுன்லோடு ஒரு லைனின் வேகத்தைத் தாண்டாது.

இரண்டு கம்பெனி லைன் என்பதால் இன்னொரு விஷயம். வெளியே தெரியும் முகவரி லைனுக்கு ஒன்று. நெட் பேங்கிங் நடுவில் அது மாறினால் சில தளங்கள் வெளியே தள்ளிவிடும். ஒரு வீட்டை ஒரே லைனில் நிறுத்தி, அது செத்தால் மட்டும் மாற்றும்படி அமைக்கச் சொல்ல வேண்டும்.

இனி ரூட் அட்டவணை. செக்கின் அடியில் இருக்கும் 9 இலக்க எம்ஐசிஆர் எண்ணில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று பேங்க், கடைசி மூன்று கிளை. அதைப் பார்த்துத்தான் செக்குகளைப் பிரிப்பார்கள். ரவுட்டரும் சுவிட்சும் முகவரியின் முன்பகுதியை அட்டவணையோடு ஒப்பிடும். அதிக நீளம் பொருந்தும் வரிதான் செல்லும். எதுவும் பொருந்தாவிட்டால் ‘டிஃபால்ட் ரூட்’ வழியே போகும்.

அந்த அட்டவணைக்கும் இடம் அளவுதான். 2014 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்திலிருந்து சுமார் 15,000 புதிய வழிகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. உலக இண்டர்நெட்டின் அட்டவணை 512K, அதாவது 5,24,288 வரிகளைத் தாண்டியது. சிஸ்கோவின் பழைய 6500 வரிசை சுவிட்சுகள் பலவற்றில் வேகமான நினைவகம் அவ்வளவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. மிஞ்சிய வரிகளுக்கான பாக்கெட்டுகளை மெதுவான பிராசசர் சுமக்க, பல இடங்களில் இண்டர்நெட் தள்ளாடியது. இடம் போதாமல் போகும் என்று சிஸ்கோ அந்த மே மாதமே எச்சரித்திருந்தது. ஒதுக்கீட்டை மாற்றி, பெட்டியை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பலர் செய்யவில்லை!

நமக்கு அத்தனை லட்சம் வரி வேண்டாம். சில வரிகள் போதும். நம் சிக்கல் வேறு. செத்த லைன் அட்டவணையை விட்டு நீங்குகிறதா? போன மழைக்காலத்தில் பார்த்தோமே. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, நமக்கும் கம்பெனியின் முதல் பெட்டிக்கும் இடையே கேபிள் சரி. அதற்கு அப்பால் எங்கோ அறுந்திருந்தது. பச்சை விளக்கை நம்பி நம் பெட்டி எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளியது; பக்கத்தில் டாங்கிள் சும்மா இருந்தது. கேட் ஆப் வேலை செய்யாமல், ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்திவிட்டுக் காவலாளி மூன்றாவது மாடிக்கு ஓட வேண்டியதாயிற்று.

இதற்கு வழி உண்டு. கம்பெனியைத் தாண்டி வெளியே உள்ள ஒரு முகவரியைச் சில விநாடிக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொடர்ந்து பதில் வராவிட்டால் அந்த டிஃபால்ட் ரூட்டை நீக்க வேண்டும். திரும்ப வந்ததும் உடனே சேர்க்காமல், கொஞ்ச நேரம் நிலைத்த பிறகு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லைன் வந்து வந்து போக, எல்லோருடைய அழைப்பும் அறுந்துகொண்டே இருக்கும். நாம் வாங்கப்போகும் ரவுட்டரில் இந்த வசதி உண்டு. கொட்டேஷனில்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகவே செயலாளர் சாரிடம் நான் கேட்பது இரண்டுதான். இந்தச் சோதனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன், கேபிளைப் பிடுங்கிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேபிள் மாட்டியபடியே இருக்க, அந்தப் பக்கத்தை மட்டும் அடைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கம்பெனியின் கேபிளும் தெருவில் ஒரே கம்பத்தில் வருகிறதா என்பதையும் யாராவது நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். அதற்கு நானே வருகிறேன்.

பி பிளாக் சார் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கள் சார்.