குளத்தில் விட்ட ஆமை



நான் கால்நடை மருத்துவன். என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் நாயும் பூனையும்தான்; எப்போதாவது ஒரு கிளி, ஒரு முயல். ஆமைக்கு வைத்தியம் பார்க்கப்படும் என்று நான் போர்டு எழுதி வைத்ததில்லை. ஆனாலும் ஆமைகள் வருகின்றன. டிபன் பாக்ஸில் வரும், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் வரும். ஒருமுறை பிரஷர் குக்கரில் வந்தது. "வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க டாக்டர், அடி ஆழமா இருக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்று அந்த அம்மாள் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

இன்று நான் பேச வந்தது ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி. போன ஐப்பசியில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். நாய்க்குத் தடுப்பூசி எப்போது போட வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நாலு வருஷமா வீட்டுல ஒரு ஆமையும் இருந்துச்சு சார். பையன் வீட்டுக்கு ஆறு மாசம் போறோம், பாத்துக்க ஆள் இல்ல. வெள்ளிக்கிழமையா பாத்து கோயில் குளத்துல விட்டுட்டேன். பாவம், அதுவும் எத்தனை நாள்தான் தரையிலேயே கிடக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "எப்படிப்பட்ட ஆமைங்க? ஓடு மேடா, கறுப்புல மஞ்சள் கோடு போட்ட மாதிரியா?"

"ஆமா சார். நட்சத்திரம் நட்சத்திரமா இருக்கும்."

"தண்ணியில விட்டதும் நீந்துச்சா?"

"நீந்தல சார். நேரா உள்ள போயிடுச்சு. அவ்வளவு ஆசை அதுக்கு."

நான் தடுப்பூசித் தேதியைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவரிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். அந்த ஆமை ஆசையாக உள்ளே போகவில்லை. மூழ்கியது.

நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குஜராத், ராஜஸ்தான் பக்கமும் உள்ள வறண்ட புதர்க்காடுகள்தான் அதன் வீடு. மழை பெய்தால் உற்சாகமாகக் கிளம்பிப் புல் மேயும், பூ தின்னும், சப்பாத்திக்கள்ளிப் பழம் கிடைத்தால் விடாது. அதன் கால்களைக் கிட்டத்தில் பாருங்கள். யானைக் காலைச் சின்னதாகச் செய்து ஒட்டியதுபோல உருண்டையாக, செதில் செதிலாக இருக்கும். விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. துடுப்புப் போட எதுவும் இல்லாத பிராணி அது. கொஞ்ச நேரம் மூச்சடக்கும், அவ்வளவுதான்.

இதில் அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பேச்சுவழக்குக்கே இதில் பங்கு உண்டு. கடலில் இருப்பதை மட்டும் கடலாமை என்று பிரித்துச் சொல்கிறோம். மற்றபடி காட்டில் நடப்பதும் ஆமை, கிணற்றில் நீந்துவதும் ஆமை. ஏரிக்கரைக்காரர்களைக் கேட்டால் காராமை, பாலாமை என்று வகை சொல்வார்கள்; நகரத்தில் அந்தப் பெயர்களெல்லாம் போய்விட்டன. ஆமை என்றால் தண்ணீர், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'விடுவது'. பட்டம் விடுகிறோம், கூண்டைத் திறந்து கிளியை விடுகிறோம், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறோம். கைவிடுவதும் அதே விடுவதுதான். "குளத்துல விட்டுட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் காதில் விழுவது விடுதலை. வளர்ப்புப் பிராணியைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர் பொதுவாகத் தலைகுனிந்துதான் போவார். நாயை அப்படி விட்டவர் யாராவது என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், இல்லை. ஆமையை விட்டவர்கள் மட்டும் புண்ணியம் செய்த முகத்தோடு வந்து சொல்கிறார்கள்.

அந்த ஆமை அந்தப் பெரியவர் வீட்டில் எதற்காக இருந்தது? அதிர்ஷ்டத்துக்காக. இது எனக்குத் தீராத வேடிக்கை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்னவர்கள் நாம். அது ஆமையே அல்ல, ஆம்பி, அதாவது காளான் பூத்த வீடு என்று தமிழாசிரியர்கள் சிலர் வாதாடுவார்கள், அது தனிக்கதை. அதே ஊரில் இப்போது வாஸ்து, சீன வாஸ்து என்று சொல்லி, பணம் வரும் என்று ஆமையைத் தேடி வாங்குகிறார்கள். பணம் வந்ததோ இல்லையோ, வழக்கு வரலாம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் இருக்கிறது. சிறைத்தண்டனை மூன்று ஆண்டில் தொடங்கி ஏழு ஆண்டு வரை போகும்.

சரி, உள்ளூர் ஆமை வேண்டாம், வெளிநாட்டு ஆமை வாங்கிக்கொள்கிறேன் என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

வண்ணமீன் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு. செங்காது ஆமை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அங்கே குழந்தைகள் இதை வாயில் வைத்து விளையாடி, சால்மோனெல்லா கிருமி தொற்றிப் படுத்ததால், ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக் குட்டிகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975 இல் தடை போட்டார்கள். தடை உள்ளூர் விற்பனைக்குத்தான். பண்ணைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தன. தொண்ணூறுகளில் நிஞ்ஜா ஆமைகள் தொலைக்காட்சியில் குதித்தபோது ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஆமைக்குட்டி. கார்ட்டூன் ஓய்ந்ததும் ஊருக்கு ஊர் குளத்தில் ஆமை. 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது.

சென்னை விமான நிலையச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் பெட்டிகளில் செங்காதுக் குட்டிகள் ஆயிரக்கணக்கில் பிடிபடுகின்றன. அதே நாடுகளுக்குப் போகும் பெட்டிகளில் நம் நட்சத்திர ஆமைகள் பிடிபடுகின்றன. நம் ஊர் ஆமை அவர்களுக்கு அலங்காரம், அவர்கள் அனுப்பும் ஆமை நமக்கு அலங்காரம். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகத்துக்கு 2019 இல் முழுத்தடை வந்தும் இந்தப் போக்குவரத்து நின்றபாடில்லை.

அந்தப் பச்சைக் குட்டிகளில் ஒன்றுதான் ஏழு ஆண்டுகளுக்கு முன் டிபன் பாக்ஸில் என் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, கூடவே தாத்தா. பிறந்தநாள் பரிசாக வந்த ஆமையாம். ஒன்றரை வருடமாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் தென்னைமரத்தடியில் இருந்திருக்கிறது. கிண்ணம் டிவி ஸ்டாண்டின் மேல், ஏசிக்கு நேர் கீழே. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. ஓட்டைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் டப்பா போல அமுங்கியது.

ஆமை ஓடு சட்டை மாதிரி கழற்றி மாட்டுவதல்ல, நேயர்களே. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து சேர்ந்துதான் அந்த ஓடு. அதில் உயிர் உண்டு, வலி உண்டு. அதில் ஓட்டை போட்டுச் சங்கிலி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் வானொலியில் சொல்லக்கூடாத வார்த்தை வந்துவிடும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அது உடம்பில் சேர வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது. வேண்டிய கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். கண் வீங்கியது வைட்டமின் ஏ குறைவால். டப்பாவில் விற்கும் உருண்டையை மட்டுமே போட்டால் அப்படித்தான் ஆகும்.

"சத்தமே போடாது டாக்டர், சமத்தா ஒரே இடத்துல இருக்கும்" என்றார் தாத்தா. ஆமை வளர்ப்பில் பெரிய ஆபத்தே இந்தச் சமத்துதான். பசித்த நாய் வீட்டை இரண்டாக்கும். ஆமை பசித்தாலும், குளிர்ந்தாலும், எலும்பு கரைந்தாலும் ஒரு சத்தம் போடாது. உடம்புச் சூட்டுக்கு வெளியே இருக்கும் சூட்டையே நம்பியிருக்கும் பிராணி. சூடு குறைந்தால் எல்லாமே மந்தமாகிவிடும், சாவது உட்பட. ஒரு வருடம், இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு சாகும். அதுவரை நாம் சமத்து என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

தாத்தாவிடம் செலவுக் கணக்கைச் சொன்னேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், பெரிய தொட்டி வேண்டும், தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முப்பது வருடம் இருந்தாலும் இருக்கும் என்றேன். அவர் எதிர்பார்த்தபடியே கேட்டார்: "பக்கத்துலயே குளம் இருக்கு. விட்டுடட்டுமா?"

இது நீந்தும், மூழ்காது. ஆகவே விடலாம்தானே? இங்கேதான் கதை தலைகீழாகிறது. நட்சத்திர ஆமையைக் குளத்தில் விட்டால் ஆமை சாகும். செங்காது ஆமையை விட்டால் குளம் கெடும். மீன் முட்டை, தவளைக் குஞ்சு, பாசி, கொடி, கிடைத்ததையெல்லாம் தின்னும். காராமை வெயில் காய ஏறும் கல்லில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இந்தக் கிண்ணத்து ஆமைக்கும் இடம் உண்டு. திருச்சூர்ப் பக்கம் வாய்க்காலில் இது தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வெளியே விடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

அசாமைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அங்கே ஒரு கறுப்பு மென்னோட்டு ஆமை, இயற்கையில் அற்றுப்போனது என்று 2002 இல் அறிவிக்கப்பட்ட இனம், கோயில் குளங்களில் பிழைத்திருந்தது. பக்தர்கள் பொரியும் பழமும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அங்கிருந்து முட்டை எடுத்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை நீர்நிலைகளில் சேர்க்கிறார்கள். கோயில் குளம் ஓர் இனத்தையே காப்பாற்றும். அதே அசாமின் குவாஹாட்டியில், உக்ரதாரா கோயில் குளத்தில் செங்காது ஆமையும் ஏறிவிட்டது. தானாக நடந்தா வந்திருக்கும்? யாரோ ஒரு நல்லவர் விட்டதுதான்.

அப்படியானால் எங்கேதான் கொடுப்பது? நட்சத்திர ஆமையோ காராமையோ எப்படியோ கையில் வந்துவிட்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களே காடு தேடிப் போகாதீர்கள். வீட்டில் இருந்த ஆமை காட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளிடம் சுவாச நோய் பரவியதில், வளர்த்து வெளியே விடப்பட்ட ஆமைகளுக்கும் பங்கு இருக்கலாம் என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் சந்தேகம். அந்த ஆமைகளுக்காகவே லாஸ் வேகாஸ் பக்கத்தில் ஒரு காப்பகம் இருந்தது. வளர்க்க முடியாமல் கொண்டுவந்து கொடுத்த ஆமைகளே குவிந்து, பணத்துக்கும் தட்டுப்பாடு வந்து, 2014 இல் மூடிவிட்டார்கள். காப்பகம் என்றால் அடி இல்லாத அண்டா என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் நிரம்பும்.

இகுவானா, மலைப்பாம்பு, ஆப்பிரிக்காவின் சல்காட்டா ஆமை என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்கள் வீட்டில் இருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 இல் விதி வந்துவிட்டது. சல்காட்டா குட்டி உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் நாற்பது கிலோவைத் தாண்டும், தோட்டத்தில் ஆள் இறங்கும் பள்ளம் தோண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் அது எதைத் தோண்டும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

வயதையும் யோசியுங்கள். செயின்ட் ஹெலினா தீவுக்கு 1882 இல் கப்பலில் வந்து இறங்கிய ஜோனதன் என்ற ஆமை, எத்தனையோ ஆளுநர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு அவர்களுடைய மாளிகைத் தோட்டத்தில் மேய்ந்தது. கொல்கத்தா அலிப்பூர் விலங்குக்காட்சி சாலையில் 2006 இல் இறந்த அத்வைதாவை, ராபர்ட் கிளைவ் வீட்டு ஆமை என்றே சொல்வார்கள். இவை ராட்சச ஆமைகள், உங்கள் தொட்டி ஆமை அத்தனை காலம் இருக்காதுதான். ஆனால் உங்கள் மகள் பிறந்தநாளுக்கு வாங்கியது அவள் மகளின் பிறந்தநாளுக்கும் இருக்கக்கூடும்.

டிபன் பாக்ஸ் ஆமை பிழைத்துக்கொண்டது. தாத்தா தினமும் காலையில் அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஒரு சிமெண்ட் தொட்டியில் விட்டு, காகம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். இப்போது அவர் இல்லை. அந்த வேலையைப் பாட்டி செய்கிறார். போன மாதம் பேத்தியும் பாட்டியும் நகம் வெட்ட ஆமையைக் கொண்டுவந்தார்கள். இப்போது அதற்குப் பிளாஸ்டிக் கூடை. பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

பாட்டி என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னும் ரெண்டு வருஷத்துல இவளுக்கு வரன் பாக்கணும் டாக்டர். போற இடத்துக்கு இதையும் தூக்கிட்டுப் போவேங்கிறா. ஆமை புகுந்த வீடுன்னு சம்பந்தி வீட்டுல பேச மாட்டாங்களா?"

பேத்தி காதில் விழுந்துவிட்டது. "அது எங்க பாட்டி புகுந்துச்சு? நாமதானே தூக்கிட்டு வந்தோம்."

"இதை அங்க போய்ச் சொல்லு" என்றார் பாட்டி.