சிமெண்டும் கொத்தனார் கைகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் தோல் நோயைப் பற்றி என்னத்தைப் பேசப் போகிறான் என்று நினைப்பீர்கள். நம்ம மதுக்கரைக்கு 1930-களிலேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. அந்தச் சிமெண்டை 7 நாள், 28 நாள் என்று கணக்காகச் சோதிக்கிறோம். அதைக் கலக்கிற கையை யார் சோதிப்பது?

சைட்டில் கேட்டால், "சிமெண்டு கையைத் தின்னுடுச்சுங்க" என்பார் கொத்தனார். இந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு நோய் இருக்கிறது.

முதலாவது, எரிச்சல். ஈரச் சிமெண்டின் பி.எச். அளவு 12-க்கும் மேல். அந்தக் காரம் யார் கையையும் புண்ணாக்கும். ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும்.

இரண்டாவது, ஒவ்வாமை. சுண்ணாம்புக் கல்லிலும் களிமண்ணிலும் துளியளவு குரோமியம் உண்டு. சூளையில் சுமார் 1450 டிகிரி சூட்டில் அதில் ஒரு பகுதி 'ஆறு இணைதிறன்' குரோமியமாக மாறி, தண்ணீரில் கரைந்து தோலுக்குள் போகிறது. சிமெண்ட் அரிப்புக்கு இதுவே காரணம் என்று 1950-ல் சுவிட்சர்லாந்தில் யேகர், பெலோனி என்ற இருவர் காட்டினார்கள். இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். தொழிலையே விட்டவர்கள் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய 'பேட்ச் டெஸ்ட்' இருக்கிறது. 1895-ல் யாடசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் அறிமுகப்படுத்தியது. சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பார்த்து, ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியச் செடியும் முகம், கண் இமையில் இதேபோல அரிப்பைத் தரும். எது காரணம் என்று சோதனைதான் சொல்லும்.

வைத்தியமாக ஸ்டீராய்டு களிம்பும், தோல் வறளாமல் காக்கும் களிம்பும் டாக்டர் தருவார். மெடிக்கல் ஷாப்பில் தானாக ட்யூப் வாங்கித் தடவினால், அது படர்தாமரையாக இருந்தால் அடங்குவது போல் காட்டிப் பரவிவிடும்.

ஆனால் ஒவ்வாமையை வேரோடு எடுக்க மருந்து இல்லை. வராமல் தடுப்பது நம் துறைக்காரர் கையில்தான் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்திலேயே டென்மார்க்கில் சிமெண்டோடு அன்னபேதி உப்பைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நம்ம தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான அதே அன்னபேதிதான்! அது குரோமியத்தைத் தோலுக்குள் எளிதில் புகாத வடிவுக்கு மாற்றிவிடுகிறது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம், கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்று சட்டமாக்கியது.

நண்பர்களே, சிமெண்ட் வாங்கும்போது வலிமையோடு குரோமிய அளவையும் கம்பெனியிடம் கேளுங்கள். எஸ்டிமேட்டில் கையுறைக்கும் நல்ல தண்ணீருக்கும் ஒரு வரி போடுங்கள். கரண்டி கழுவிய ட்ரம்மிலேயே கை கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அரிப்பு என்றால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு ஒரு நாள் அனுப்பி வையுங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காமல்.