வயோன்ட் அணையும் சொல்லப்படாத செய்தியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் பிள்ளைகள் பலர் இஞ்சினீயரிங் தேர்ச்சி பெற்று, அணைகளிலும் மின்சார நிலையங்களிலும் வேலைத் தலைமை ஏற்று வருகின்றனர். கணக்கிலும் வரைபடத்திலும் அவர்கள் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும், வேலையில் தோன்றும் அபாயத்தை உரியவர்க்கு உரிய காலத்தில் எடுத்துரைக்கும் வன்மையை எந்தக் கலாசாலையும் போதிய அளவு கற்பிப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அதன் இன்றியமையாமையை இத்தாலி தேசத்துச் சரித்திரம் ஒன்றால் விளக்கப் புகுகின்றோம்.

அந்நாட்டின் வடபாகத்தில், வயோன்ட் என்னும் குறுகிய பள்ளத்தாக்கில், ஒரு மின்சாரக் கம்பெனி 1957-இல் தொடங்கி 1960-இல் ஓர் அணையைக் கட்டி முடித்தது. உயரம் ஏறக்குறைய 262 மீட்டர். அணையின் பலம் குறைவற்றது. ஐயமெல்லாம் நீர்த்தேக்கத்தின் தென்கரையில் நின்ற டோக் மலையைப் பற்றியதே.

அம்மலையை ஆராய்ந்த பூமிசாஸ்திரி எதுவார்தோ செமென்சா, அணையை வகுத்த இஞ்சினீயர் கார்லோ செமென்சாவின் சொந்தப் புதல்வர். அச்சரிவு முன்னொரு யுகத்தில் பெயர்ந்து வந்ததென்றும், மீண்டும் பெயரக்கூடுமென்றும் அவர் கண்டு சொன்னார். தந்தையின் வாழ்நாள் வேலைக்கு எதிராக மகன் இவ்வாறு உரைத்தல் எளிதோ? நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள்! 1960 அக்டோபரில் சரிவின்மீது 2 கிலோமீட்டர் நீளத்திற்கு வெடிப்புக் கண்டது. நவம்பர் 4-ஆம் தேதி 7 லட்சம் கன மீட்டர் மண் நீரில் விழுந்தது. 1961-இல் முல்லர் என்னும் நிபுணர், அசையும் பாகம் 20 கோடி கன மீட்டர் என மதிப்பிட்டார். ஆகவே, செய்தி இல்லாமற் போகவில்லை.

பின்னர்ச் சிறு மாதிரித் தேக்கமொன்று அமைத்து, மலைக்குப் பதிலாகச் சரளைக் கற்களைச் சரியவிட்டுப் பரீக்ஷை செய்தனர். நீர்மட்டம் 700 மீட்டரில் நின்றால் பெருங்கேடு வாராது என்பது 1962-இல் கண்ட முடிவு. சரளையோ உதிர்ந்து உதிர்ந்து சரியும். மலையோ ஒரே பிண்டமாய் இறங்கும். பரீக்ஷையின் நிபந்தனைகள் மறைந்தன. 700 என்னும் இலக்கம் மட்டும் நிலைத்தது. நிபந்தனை நீங்கிய இலக்கத்தைப்போல் மயக்குவது பிறிதொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம்.

கரையிலிருந்த ஏழைக் குடியானவர் அஞ்சினர். அவ்வச்சத்தைப் பத்திரிகையில் எழுதிய டீனா மெர்லின் என்னும் அம்மையார்மீது பொய்ச்செய்தி பரப்பினாரென்று வழக்குத் தொடர்ந்தனர். 1960-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எனினும், குடியானவர் வாய்மொழியை அளவுகோலாகக் கொள்ள ஒருவரும் துணிந்திலர்.

1963 செப்டம்பரில் நீர் 710 மீட்டருக்கு ஏறியது. மலையின் நடை விரைந்தது, நீரை மெல்ல இறக்கினர், நடையோ அடங்கவில்லை. அக்டோபரில் நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. அச்சமயம் வேலைத்தலத்து இஞ்சினீயர் விடுமுறையில் அமெரிக்கா சென்றிருந்தார். 8-ஆம் தேதி மலைச்சரிவில் இருந்தோரை வெளியேற்றக் கட்டளை பிறந்தது. அணைக்குக் கீழே இருந்த லொங்கரோனே ஊராருக்கோ ஒரு சொல்லும் எட்டவில்லை! 9-ஆம் தேதி இரவு 10 மணி 39 நிமிஷத்திற்கு ஏறக்குறைய 26 கோடி கன மீட்டர் மலை தேக்கத்தில் விழ, நீர் அணையைத் தாண்டி எழுந்து பாய்ந்தது. சுமார் 2,000 பேர் மாண்டனர். அணை இன்றும் நிற்கின்றது.

நம் இளைஞர்க்கு யாம் சொல்வது யாதெனில், அபாயத்தைக் குறித்து மேலிடத்திற்கு எழுதுங்கால், கண்ட அளவோடு நிறுத்தாது, அது எந்த நிபந்தனையில் கண்டது என்பதையும், எந்த அளவு தாண்டினால் யார் எதை நிறுத்தவேண்டும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதுக. மேஸ்திரியும் கூலியாளும் சொல்வதைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்க. சம்பளப் பட்டியலில் பெயரில்லாத கீழூரானுக்கும் செய்தி போயிற்றா என்று கேட்க மறவற்க.

இப்படி எழுதினால் உத்தியோகம் நிலைக்குமோ என்று ஓர் இளைஞர் நம்மைக் கேட்டார். நிலையாமற் போகவுங்கூடும், அதனை மறைக்கமாட்டோம். ஆயின், அந்த வேலைத்தலத்து இஞ்சினீயர் விசாரணை தொடங்கும் முன்னர், 1968-இல், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இவ்வழிவு முன்னறியத்தக்கதே என்று கொண்டு, 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இருவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது.